மேசையில் இருந்த பத்துப் பெட்டி

எனக்கு அறுபத்தெட்டு வயது முடிந்துவிட்டது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. மிச்சம் மூன்றும் என் நாத்தனார் பிள்ளைகள். அந்தக் கதையை முன்பே ஒரு வாரம் சொல்லியாகிவிட்டது. திரும்பச் சொன்னால் நாத்தனாருக்குப் பெருமையாகிவிடும். ஆகையால் இந்த வாரம் ஒரு மேசையைப் பற்றிச் சொல்கிறேன்.

மேசை எங்கள் ஆபீஸ் முற்றத்தில் வேப்பமரத்தடியில் கிடந்தது. கோவில்பட்டிப் பக்கம் பெண்பிள்ளைகள் ஆபீசுக்குப் போகிறோம் என்றால் தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போகிறோம். மற்ற ஊர்களில் ஆபீசுக்குப் பேனாவோடு போவார்களாம். நாங்கள் தூக்குவாளியோடு போவோம்.

மேசையின் மேல் வெள்ளை விரிப்பு. பின்னால் இரண்டு கம்பில் கட்டிய பிளக்ஸ் தட்டி. தட்டியில் ஒரு பெரிய சூரியகாந்திப் பூ, பக்கத்தில் என் படம், கீழே ‘வலைப்பூ: நீங்களும் எழுதலாம்’ என்று சிவப்பு எழுத்து. மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் நான். அந்தப் பக்கம் வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேரும். மேசை மேல் கம்ப்யூட்டர் இல்லை, போன் இல்லை, ஒரு சாமானும் இல்லை.

“மதினி, பூவும் இல்ல, வலையும் இல்ல. என்னத்த விக்குதீங்க?” என்றாள் செல்லத்தாய்.

செல்லத்தாய் முப்பது வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி கட்டுகிறவள். பத்துத் தீப்பெட்டியை அடுக்கி, தாள் சுற்றி, பசை தடவி வைத்தால் ஒரு கட்டு. அந்த வேலையில் எனக்கு அடுத்தபடி அவள்தான். இதை நான் சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

என்னைப் பிடித்து உட்கார வைத்த கதை

முதலாளி அண்ணாச்சியின் மருமகள் மெட்ராசில் கம்ப்யூட்டர் படித்தவள். நாங்கள் சின்னம்மா என்போம். வேலை செய்கிறவர்களும் நாலு புதுச் சங்கதி தெரிந்துகொள்ளட்டும் என்று ஆயுதபூஜைக்கு முந்தின ஒரு சனிக்கிழமை ஆபீசுக்குள்ளேயே தொழில்நுட்பக் கண்காட்சி வைத்தாள்.

ஐந்து மேசை. ஒன்றில் தானாகவே பெட்டி கட்டும் மிஷினைப் பற்றிப் படம். அதைப் பார்த்துவிட்டு வந்த செல்லத்தாய், “நல்லாத்தான் கட்டுது, ஆனா பேச்சுத்துணை இல்ல” என்றாள். இன்னொன்றில் கண் பரிசோதனை. ஒன்றில் தீயணைப்பு. ஒன்றில் வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டைப் பார்த்து மழை சொல்கிறவர். பசுவந்தனைக் கரிசலில் பிறந்த எனக்கு மழை பெய்து முடித்த பிறகு சொன்னால்கூட நம்பிக்கை வராது. ஐந்தாவது மேசை என்னுடையது.

நான் இரண்டாம் வகுப்பு. பஸ் போர்டு வாசிப்பேன், லேபிள் வாசிப்பேன், சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி வாசிப்பேன். எல்லாம் எழுத்துக் கூட்டித்தான். முழங்காலில் நீர் கோத்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தபோது மகள் வயிற்றுப் பேத்தி முத்துமாரி, “ஆச்சி, நீ சும்மாவும் பேசிக்கிட்டுத்தான இருக்க. அதப் போனப் பாத்துப் பேசு” என்றாள். நான் பேசினேன். போன் எழுதியது. அவள் புள்ளி வைத்து, திருத்தி, ஏற்றிவிட்டாள். அதற்குப் பெயர் வலைப்பூ என்றாள்.

கம்பங்கூழுக்கு எப்போது மோர் விட வேண்டும் என்று ஒன்று சொன்னேன். பஸ்சில் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களைப் பற்றி ஒன்று. என் மாமியார் செத்த அன்று எனக்கு ஏன் அழுகை வரவில்லை என்று ஒன்று. மூன்றாவதைத்தான் ஜனங்கள் தேடி வந்து வாசித்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண், ‘எனக்கும் வரவில்லை அம்மா’ என்று கீழே எழுதியிருந்தாள். மறுநாள் நான் கூழ் குடிக்கையில் அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். ஆள் முகம் தெரியாது. இருந்தாலும் நினைத்துக்கொண்டேன்.

அதைப் பார்த்து இந்தப் பத்திரிகையும் வாரம் ஒன்று கேட்டு வாங்கிப் போட ஆரம்பித்தது. சின்னம்மாவும் அதையெல்லாம் வாசிக்கிறவள் என்பது எனக்குத் தட்டியில் என் படத்தைப் பார்த்தபோதுதான் தெரியும்.

வாட்ச்மேன் சட்டம்

இப்போது மேசை ஏன் வெறுமையாக இருந்தது என்று சொல்ல வேண்டும்.

தீப்பெட்டி ஆபீசுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. குச்சியின் தலையை முக்குகிற மருந்து அப்படி. கேட்டில் ஒரு மரப்பெட்டி உண்டு. அதில் போனைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வாட்ச்மேன் பட்டாளத்தில் இருந்து வந்தவர். கண்காட்சி என்றாலும் காது குத்து என்றாலும் அவருக்கு ஒன்றுதான்.

“சின்னம்மா, ஒங்க போனையும் இதுல போட்டுருங்க.”

“நான் யாருன்னு தெரியுதா?”

“தெரியாமலா சின்னம்மாங்கேன்? போடுங்க. அந்த மடக்குக் கம்ப்யூட்டரையும் குடுங்க.”

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னாள். அண்ணாச்சி, “அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றுவிட்டார். மிஷின் படம் காட்டுகிற டிவிப் பெட்டி மட்டும் அண்ணாச்சியின் ஆபீஸ் அறைக்குள் அனுமதி பெற்றது.

சின்னம்மா என் மேசைக்கு வந்து, “கம்ப்யூட்டர் இல்லாம வலைப்பூவ எப்பிடிக் காட்டுறது? ஒங்க மேசைய மட்டும் எடுத்துருவோமா?” என்றாள். முகம் வாடிப்போயிருந்தது.

நான் தட்டியைத் திரும்பிப் பார்த்தேன். “படம் போட்டாச்சே சின்னம்மா. இனி எப்பிடி எடுக்கது? இருக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

மேசைக்கு எட்டடி தள்ளிக் கட்டு ரூம். அன்று எல்லா ரூமும் பத்து மணியோடு நின்றுவிட்டாலும் கட்டு ரூம் மட்டும் ஆள் மாற்றி ஆள் ஓடியது. மத்தியானம் மலைப்பக்கம் போகிற லாரிக்குச் சரக்கு ஏற வேண்டும். அங்கே போய்க் குச்சி நிறைத்த பெட்டி பத்து எடுத்துவந்தேன். அச்சு தப்பிப்போன லேபிள் தாள் ஒரு கற்றையும் எடுத்துவந்தேன். அதன் பின்பக்கம் வெள்ளை. பென்சில் துண்டு கணக்கப்பிள்ளை கொடுத்தார்.

பெட்டிக்குள் எழுத்து

“இந்தா பாருங்க” என்று ஒரு தீப்பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். “மேல ஒட்டியிருக்க லேபிள்தான் தலைப்பு. உள்ள இருக்கது நீங்க சொல்ல வந்தது. நாம இங்கன இருந்து கட்டி அனுப்புதோம். எங்கேயோ ஒருத்தி வாங்கித் தொறக்கா. அவ யாருன்னு நமக்குத் தெரியாது. நாம யாருன்னு அவளுக்குத் தெரியாது. ஆனா அவ அடுப்பு எரியுது. வலைப்பூன்னா அம்புட்டுத்தான்.”

“தெரிஞ்ச ஆளே நாம பேசுறதக் கேக்க மாட்டேங்கான். தெரியாதவ கேப்பாளாக்கும்” என்றாள் செல்லத்தாய்.

“தெரியாதவதான் கேப்பா. தெரிஞ்சவன் பதில் சொல்ல வேண்டியிருக்குமேன்னு பயந்து போயிருதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

எனக்கு இது புதிதில்லை. பத்து வயதில் நான் பெட்டி ஒட்ட உட்கார்ந்தபோது எனக்குப் பார்க்காமல் எழுத வந்தது ஒரே எழுத்து. மாடத்தி என்ற என் பெயரின் ‘மா’. ஒரு நாளைக்கு ஒரு பெட்டி என்று, உள்பெட்டியின் அடியில் நகத்தால் ‘மா’ கீறி அனுப்புவேன். யார் கையில் கிடைக்கும், அவர்கள் அதை என்ன நினைப்பார்கள் என்று சாப்பிடும்போது யோசிப்பேன். கல்யாணம் ஆகும்வரை கீறினேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதை இவர்களிடம் சொல்லவில்லை. இரண்டு சட்டம் மட்டும் சொன்னேன். முதலாவது, பெட்டியில் குச்சி முழுசாக இருக்க வேண்டும், தாளை மடித்துக் குச்சிக்கு அடியில் வைக்க வேண்டும். வெறும் பெட்டியை எவள் திறப்பாள்? இரண்டாவது, பேர் போட வேண்டும், ஆபீஸ் பேரும் ஊரும் போட வேண்டும். பேர் போடாமல் எழுதுவது கக்கூஸ் சுவரில் கிறுக்குவதைப் போல என்றேன். கக்கூஸ் என்ற வார்த்தை என் வாயில் ஏன் வந்தது என்று அப்போது தெரியவில்லை.

எழுதத் தெரியாதவர்களுக்கு ராமலட்சுமி எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. பத்தாவது வரை படித்தவள். எழுத்து அச்சடித்தது போல இருக்கும். தலைப்பிள்ளை பெற்று நாலாவது மாதம் வேலைக்குத் திரும்பியிருந்தாள். ஒருத்தி தன் ஆடு சினைப்பட்டதைச் சொன்னாள். ஒருத்தி, மகன் துபாயில் இருந்து போன் போட்டால் ஏன் இருமுகிறான் என்று கேட்டாள். செல்லத்தாய் சொன்னது இது: ‘மாடத்தி மதினி என்னை விட வேகமாகக் கட்டுவார்கள் என்பது பொய். இப்படிக்குச் செல்லத்தாய்.’

“இத ஊர் உலகமெல்லாம் வாசிக்குமா?” என்று கேட்டாள்.

“வாசிக்கும்.”

“அப்ப சரி.”

ஆக ஆறு பேர் ஆயிற்று. ஏழாவதாக ராமலட்சுமி தனக்கென்று ஒரு தாள் எடுத்தாள். இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். நான் வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தேன். மூன்று வரி.

‘எங்கள் ஆபீஸ் கக்கூசுக்குக் கதவு இல்லை. அதனால் நான் தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் என் பிள்ளைக்குப் பால் இல்லை.’

சாக்கு

இந்த வருடம் ஆடிக் காற்று கதவை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பழைய தகரக் கதவு. காற்று அதைக் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டது. யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு சாக்கு தொங்கியது. எதிரேதான் லாரி நிற்கிற இடம். டிரைவர்கள் அங்கே பீடி குடிக்க முடியாது என்பதால் சும்மா நிற்பார்கள்.

காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை நாங்கள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டோம். என் போன்றவர்களின் உடம்பு கரிசக்காடு, பழகிப்போயிற்று. பால் கொடுக்கிறவளுக்கு எப்படிப் பழகும்?

கணக்கப்பிள்ளையிடம் நாலைந்து தடவை சொன்னோம். “அடுத்த வாரம்” என்பார். கெட்ட மனிதர் இல்லை. அவர் மகளுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டாலும் அடுத்த வாரம் என்றுதான் சொல்வார்.

இதில் நான் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மாமியார் செத்ததை உலகத்துக்குச் சொன்ன நான், இந்தக் கதவைப் பற்றி வலைப்பூவில் மூச்சு விடவில்லை. முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த இடம். அங்கே கக்கூசுக்குச் சாக்குத் தொங்குகிறது என்று சிங்கப்பூருக்கு எப்படிச் சொல்வது? எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆனால் ராமலட்சுமியின் தாளைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. அண்ணாச்சி விருந்தாளிகளோடு மேசை மேசையாக வரப்போகிறார். என் மேசைக்கு வந்தால் ஒரு பெட்டியைத் திறந்து பார்க்காமல் போக மாட்டார். மேலே இருப்பதைத்தான் திறப்பார்.

“பேர் போட்டியா?” என்றேன்.

“போடணுமா பெரியம்மா?”

“போடு.”

“அண்ணாச்சி வாசிப்பாவளா?”

“அவிய வாசிக்கத்தான மேசை. நான் பக்கத்துலதான நிக்கேன், ஒண்ணும் சொல்ல மாட்டாவ.”

போட்டாள். பென்சிலை அழுத்திப் போட்டாள். தாளை மடித்துக் குச்சிக்கு அடியில் வைத்தேன். எழுத்துள்ள பெட்டி ஏழு, சும்மா பெட்டி மூன்று, மொத்தம் பத்து. அவளுடையதை மேலே வைத்தேன்.

தீ காட்டப் போன நேரம்

அப்போது மணி அடித்தது. தீயணைப்பு மேசைக்காரர் சிவப்பு உருளையோடு நடு முற்றத்துக்கு வந்து, வைக்கோலைக் குவித்து, “யாராவது ஒரு தீப்பெட்டி குடுங்க” என்றார்.

ஒருவரும் அசையவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்குள் தீக்குச்சி உரசுகிறவள் மறுநாள் வேலைக்கு வர முடியாது. வாட்ச்மேன் ஓடிவந்துவிட்டார்.

“சார், இங்கன பத்த வைக்கக் கூடாது.”

“அணைச்சுக் காட்டத்தாங்க பத்த வைக்கேன்.”

“அணைக்கது ஒங்க வேலை. பத்த விடாம பாக்கது என் வேலை. வெளிய வாங்க.”

ஆக, ஆபீசே கேட்டைத் தாண்டி வெளியே பொட்டலுக்குப் போயிற்று. நானும் போனேன். தீ என்றால் பார்க்காமல் இருக்க முடிகிறதா? காலில் வலி என்று செல்லத்தாய் மட்டும் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பி வந்தபோது மேசை சுத்தமாக இருந்தது. விரிப்புகூடச் சுருக்கம் இல்லாமல் நீவி விடப்பட்டிருந்தது. பெட்டிகள் இல்லை.

நான் செல்லத்தாயைப் பார்த்தேன். அவள் தன் கையைப் பார்த்தாள். விரலில் பசை ஈரம் காயவில்லை.

முப்பது வருடக் கை அது. கண்ணுக்கு முன்னால் பத்துப் பெட்டி சும்மா இருந்தால் அதற்குப் பொறுக்காது. எட்டடி நடந்து கட்டு ரூம் ஜன்னலில் கையை நீட்டித் தாளையும் பசையையும் எடுத்திருக்கிறாள், கட்டியிருக்கிறாள், ஜன்னலிலேயே வைத்திருக்கிறாள். சரக்கு ஏற்றுகிற ஆள் எடுத்துப் போயிருக்கிறான். ஒரு குச்சி குறைந்திருந்தாலும் அந்தக் கை கண்டுபிடித்திருக்கும். குச்சி முழுசாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான்.

சரியாக அந்த நேரம் அண்ணாச்சி மூன்று விருந்தாளிகளோடு வந்து நின்றார்.

“எங்க மாடத்தி, எழுதினதக் காட்டு.”

வெளியே லாரி கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது.

“ஏறிட்டு அண்ணாச்சி” என்றேன்.

“என்னது ஏறிட்டு?”

“எழுதினதெல்லாம் ஏத்தியாச்சு. இனி ஊர் உலகம் வாசிக்கும்.”

“அதுக்குள்ளயா?”

“செல்லத்தாய் கை அண்ணாச்சி.”

விருந்தாளிகள் கை தட்டினார்கள். செல்லத்தாயும் தட்டினாள், பசையோடு.

போன் அடிக்கும் போதெல்லாம்

அவர்கள் போன பிறகுதான் ராமலட்சுமி வாய் திறந்தாள். “அதுல என் பேரு இருக்கு பெரியம்மா. ஆபீஸ் பேரு இருக்கு. எவனாவது கடைக்காரன் வாசிச்சிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டான்னா? என் வேலை போயிரும்லா? மாமியார் வீட்ல நான் கெஞ்சிக் கூத்தாடின பெறகுல்லா என்னைய வேலைக்கு விட்டிருக்காக.”

“ஏட்டி செல்லத்தாயி” என்றேன்.

“என்னைய என்ன சொல்லுதீங்க? கெடக்க பெட்டியக் கட்டாம பின்ன கும்புடச் சொல்லுதீங்களா?”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

திங்கட்கிழமை நான் அண்ணாச்சியிடம் நேரே சொல்லிவிடுவது என்று போனேன். கதவு இல்லை, அந்தப் பிள்ளை எழுதியது உண்மை, எழுதச் சொன்னது நான். இதுதான் சொல்ல வேண்டியது. அறை வாசலில் நின்றேன். அண்ணாச்சி போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். “எங்க ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்காங்க, அறுபத்தெட்டு வயசு, பத்திரிகையிலெல்லாம் எழுதுதாங்க. இந்தப் பக்கத்துல வேற எந்த ஆபீஸ்லயும் கெடையாது.”

முழுசும் கேட்டேன். கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இதை எழுதாமல் விட்டால் மீதியை எழுதி என்ன?

அந்த வாரத்தில் கணக்கப்பிள்ளை ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்து, கிழிந்துபோன சாக்கை எடுத்துவிட்டு, கண்காட்சித் தட்டியை அங்கே மாட்டினார். கிழியாத சாமான், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. சூரியகாந்தியும் நானும் லாரி நிற்கிற இடத்தைப் பார்த்து இருந்தோம். முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த இடத்தில் என் படம் மாட்டப்பட்டது அங்கேதான்.

சாக்குக்காவது கனம் இருந்தது. பிளக்ஸ் காற்றுக்குப் பறந்தது. ராமலட்சுமி அந்தப் பக்கமே போவதில்லை.

ஐப்பசி பிறந்தது. மழைக்கு முன்பே ஈரக்காற்று வந்துவிடும், முக்கின குச்சி காயாது, வேலை மந்தமாகும். ஆபீஸ் அறையில் போன் அடித்தால் கட்டு ரூமில் எல்லாக் கையும் நின்றுவிடும். அடித்து ஓய்ந்ததும் திரும்பவும் ஓடும். ராமலட்சுமியின் கை மட்டும் கொஞ்சம் தாமதமாக ஓடும். அவள் பிள்ளைக்குப் புட்டிப்பால் கொடுக்க ஆரம்பித்திருந்தாள்.

செல்லத்தாய் ஒரு நாள் தன் தூக்குவாளி மோரை அவளிடம் நீட்டினாள். “குடிட்டி.”

“வேண்டாம் அத்தை.”

“குடி. நான் சேலையப் புடிச்சிக்கிட்டு வாசல்ல நிக்கேன்.”

அன்றிலிருந்து தினமும் ஒரு தடவை செல்லத்தாய் தட்டிக்கு முன்னால் ஒரு பழைய சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால் வலிக்காரி. என்னைப் பார்க்க மாட்டாள். இரண்டாம் நாள் நான் மறுமுனையைப் பிடித்தேன்.

கடிதம்

கார்த்திகை பாதியில் ஒரு கடிதம் வந்தது. வாட்ச்மேன் வாங்கிக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தார். ஆபீஸ் விலாசத்துக்கு வேலைக்காரப் பெண் பெயரில் கடிதம் வந்ததே இல்லை. அதனால் அவர் அண்ணாச்சியிடம் கொடுத்தார். அண்ணாச்சி பிரித்துவிட்டார்.

ராமலட்சுமியைக் கூப்பிட்டார்கள். கூடவே நான் போனேன், என்னைக் கூப்பிடவில்லை. சின்னம்மா கையில் கடிதம் இருந்தது. அண்ணாச்சி, “சத்தமா வாசிம்மா” என்றார்.

‘அன்புள்ள ராமலட்சுமி, எங்கள் எஸ்டேட் லயத்துக் குடியிருப்புக் கடையில் வாங்கிய தீப்பெட்டியில் உன் தாள் இருந்தது. அடுப்பைப் பற்ற வைக்காமல் வாசித்தேன். நான் மலையில் தேயிலை கிள்ளுகிறவள். எங்களுக்குக் காட்டில் கதவும் இல்லை, கதவு மாட்டச் சுவரும் இல்லை. செடி மறைவுதான், அட்டைக் கடிதான். நாங்களும் தண்ணீர் குடிப்பதில்லை. இதையெல்லாம் எழுதலாம் என்று எனக்கு இதுவரை தோன்றவில்லை. உனக்குக் கதவு போட்டுவிட்டார்களா? பிள்ளைக்குப் பால் வந்ததா? பதில் போடவும்.’

கீழே பேரும் எஸ்டேட்டும் எழுதியிருந்தாள்.

அண்ணாச்சி கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார். பிறகு கணக்கப்பிள்ளையைப் பார்த்து, “கதவு இல்லையா வே?” என்றார்.

“அடுத்த வாரம் அண்ணாச்சி” என்றார் கணக்கப்பிள்ளை, பழக்கத்தில்.

“எங்கேயோ மலையில இருக்கவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. ஏ மாடத்தி, நீ ஒரு வார்த்த சொல்லப்பிடாது?”

“சொல்லத்தான் வந்தேன் அண்ணாச்சி. நீங்க என்னப் பத்திப் பெருமையாப் பேசிக்கிட்டிருந்தீங்க. அதுக்குக் குறுக்க வர மனசில்ல.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது. திட்டியிருந்தால் எழுதிவிடலாம்.

“அவள எழுத வச்சதும் நான், பேரப் போடச் சொன்னதும் நான்” என்றேன்.

ராமலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “என்னைய நிப்பாட்டிராதீங்க அண்ணாச்சி” என்றாள்.

“ஏட்டி, ஒன்ன நிப்பாட்டிட்டு இந்தப் பொம்பளைக்கு யாரு பதில் எழுதுவா? கதவு போட்டாச்சான்னு கேட்டிருக்கால்லா. போடாம போட்டாச்சுன்னு எழுத முடியுமா?”

புதுக்கதவு செய்ய ஒரு வாரம் ஆகும் என்றார் ஆசாரி. அண்ணாச்சி எழுந்து நின்று சுற்றிப் பார்த்தார். கணக்கப்பிள்ளை அறைக் கதவு நல்ல வேங்கை மரம். அன்று சாயங்காலமே அதைக் கழற்றிக்கொண்டு போய்க் கக்கூசுக்கு மாட்டினார்கள். உள்ளே தாழ்ப்பாள், வெளியே ‘அனுமதி இன்றி உள்ளே வரக் கூடாது’ என்ற எழுத்து முன்பே இருந்தது.

கழற்றின தட்டி கணக்கப்பிள்ளை அறைக்குத் தொங்குகிறது. சூரியகாந்தியும் நானும் இப்போது அவருக்குக் காவல். அந்த அறைக்குக் கதவு அடுத்த வாரம் வரும் என்கிறார்கள்.

பதில்

ராமலட்சுமி பதில் எழுதினாள். கதவு வந்துவிட்டது என்று எழுதினாள். பால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, முழுசாகத் திரும்பவில்லை என்று எழுதினாள். அதையும் எழுத வேண்டுமா என்று கேட்டாள். அந்தப் பெண் கேட்டதே அதைத்தானே என்றேன்.

தினமும் பதினோரு மணிக்கு ராமலட்சுமி எழுந்து நின்று ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கிறாள். தொண்டையில் இறங்குகிற சத்தம் கட்டு ரூம் முழுக்கக் கேட்கும். பிறகு நாங்களும் ஒவ்வொருவராகக் குடிக்கிறோம்.

செல்லத்தாய்க்கு மட்டும் ஒரு மனக்குறை. “எனக்கு எவளும் பதில் போடலியே மதினி?”

“பொய்க்கு எவ பதில் போடுவா?”

சின்னம்மா அந்த மலைக் கடிதத்தை என் வலைப்பூவில் ஏற்றலாம் என்றாள். நான் யோசித்தேன். கடிதத்தைக் கையில் வாங்கி எழுத்துக் கூட்டி நானே ஒரு தடவை வாசித்தேன். அரை நாள் ஆயிற்று. பத்து வயதில் நான் கீறின ‘மா’வை எல்லாம் யார் யார் திறந்தார்களோ. அவள் கடைசியில் பேரையும் எஸ்டேட்டையும் எழுதியிருந்த இடத்தில் பேனா அழுந்தி மறுபக்கம் தடம் விழுந்திருந்தது. ராமலட்சுமியும் இப்படித்தான் அழுத்திப் போட்டாள்.

அவளுக்கும் ஒரு முதலாளி இருப்பார். அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. ஆகையால் பேரையும் எஸ்டேட்டையும் விட்டுவிட்டு, அவள் சொன்னதை மட்டும் ஏற்றினோம். இங்கேயும் அப்படித்தான். இந்தப் பத்திரிகை மலைக்கும் போகிறது. ராமலட்சுமி என்பதும் அந்தப் பிள்ளையின் பெயர் இல்லை.

எளா முத்துமாரி, போதும், இப்ப முதல்ல இருந்து வாசி. மெதுவா வாசி. அந்த மலைக்காரி கேட்டது ரெண்டும் அப்பிடியே இருக்கான்னு பாரு. அவ பேரோ, நம்ம பிள்ள பேரோ எங்கனயாவது விழுந்திருந்தா அங்கேயே நிப்பாட்டி அழிச்சிரு. என் பேரு இருக்கட்டும். அதப் பெரிசாவே போடு.